பழைய வேனில் ஐடிலிங் ஏறி நிற்கிறதா? ஸ்க்ரூவைத் தொடும் முன் காற்றைத் தேடுங்கள்

வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுக் காலை எடுக்கிறீர்கள். இன்ஜின் அடங்க வேண்டும். அடங்காமல், ஆக்சிலரேட்டரில் யாரோ கால் வைத்திருப்பது போல இரைந்துகொண்டே நிற்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் வேனாக இருந்தால் இன்னும் மோசம். பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் முன்னே தள்ளும்; கியரைப் போட்டவுடன் அடியிலிருந்து ‘டக்’கென்று ஓர் இடி வரும்.

இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், திருப்புளியை எடுத்து ஐடிலிங் (காலை எடுத்தபின் இன்ஜின் சும்மா ஓடும் வேகம்) ஸ்க்ரூவைக் குறைப்பதுதான். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். நேற்றுவரை ஒழுங்காக நின்ற இன்ஜின் இன்று ஏறி நிற்கிறது என்றால், ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு எதுவோ மாறியிருக்கிறது. ஸ்க்ரூவைத் திருப்பினால் கோளாறு அப்படியே இருக்கும். அதைப் பிடிக்க உதவும் அடையாளம்தான் கலைந்துபோகும்.

பெட்ரோல் இன்ஜினில் வேகம் என்றால் காற்று. பெட்ரோல் மட்டும் கூடினால் கறுப்பாகப் புகையும், பிளக் கரியாகும், வேகம் ஏறாது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: கூடுதல் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? மூன்று வழிகள்தான் உண்டு. காற்று வாயைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு முழுதாக மூடாமல் இருக்கலாம். தகட்டைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழி திறந்தே இருக்கலாம். அல்லது தகட்டுக்கு அந்தப் பக்கம், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டிலோ அதில் மாட்டிய குழாய்களிலோ எங்கோ ஏர் இழுக்கலாம். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், மட்டும் இதற்கு விதிவிலக்கு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், உண்மையிலேயே அதிகமா?

சூடான பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 650 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிற்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது பானெட்டின் அடியிலோ இன்ஜின் மூடியிலோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், கையேட்டிலும் இருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜின் 1,200, 1,500 என்று நிற்பது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சூடு ஏற ஏற அது இறங்கி வர வேண்டும். ஏசி போட்டால் கொஞ்சம் ஏறுவதும் வழக்கம்தான்.

எனவே சோதனைக்கு முன் 15, 20 நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏசி, ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்பிஎம் பாருங்கள். டேஷ்போர்டில் மீட்டர் இல்லாவிட்டால், ஆர்பிஎம் காட்டும் டைமிங் லைட்டோ மல்டிமீட்டரோ போதும்.

எண்ணைக் குறிப்பதோடு அதன் நடத்தையையும் கவனியுங்கள். எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? சூடான பிறகு மட்டுமா? சில நாள் மட்டுமா? ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடுகிறதா? இதில் ஒன்று ஏறத்தாழக் கோளாறையே சொல்லிவிடும். இன்ஜின் தானாக 2,000 வரை ஏறி, பிடித்து இழுத்தது போல 1,200-க்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தால், அது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் கூடுதல் காற்றுக்கும் நடக்கும் இழுபறி. த்ராட்டில் மூடியிருக்கிறது, வேகமோ அதிகம். வண்டி இறக்கத்தில் உருளுகிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டுகிறது. வேகம் விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. அந்தத் தாளத்தைக் கேட்டால் நான் நேராகக் காற்று வழிகளைத்தான் பார்ப்பேன்.

பாதுகாப்பு

வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். பல வேன்களில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும். மூடியைத் தூக்கினால் சூடான எக்ஸாஸ்ட்டும் சுற்றும் பெல்ட்டும் கைக்கு அருகிலேயே இருக்கும். தொங்கும் துணி, கைச்சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

படி 1: கேபிளும் த்ராட்டிலும்

இன்ஜினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெடலுக்கு மேல் தரைவிரிப்பு ஏறிக்கிடக்கிறதா என்று பார்ப்பது அற்பமாகத் தோன்றும், பாருங்கள். பிறகு ஒருவர் பெடலை முழுதாக மிதித்து விடட்டும், நீங்கள் த்ராட்டில் நெம்புகோலைக் கவனியுங்கள். அது ‘டக்’கென்று திரும்பி வந்து ஸ்டாப் ஸ்க்ரூவில் இடிக்க வேண்டும். மெதுவாக வந்தாலோ, கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிட்டாலோ கோளாறு இங்கேதான்.

கேபிளா, த்ராட்டிலா என்று பிரிக்க, கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். கையில் சுலபமாக மூடினால் கேபிள்தான் சிக்குகிறது. வேனில் இது அடிக்கடி வரும். முன்னால் உட்கார்ந்து ஓட்டும் வடிவத்தில் கேபிள் நீளமாக, பல வளைவுகளோடு போகும். வெளி உறை ஓரிடத்தில் உருகியோ நசுங்கியோ இருந்தால் உள்ளே கம்பி உரசும். ஓரிழை அறுந்து உறைக்குள் மடங்கியிருந்தாலும் இதே கதைதான். அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள், மாற்றிவிடுங்கள். நல்ல கேபிளில், பெடல் விட்ட நிலையில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் அசைய வேண்டும்.

கேபிளைக் கழற்றியும் த்ராட்டில் மூடவில்லையா? தகட்டின் விளிம்பில் கரி படிந்திருக்கும், அல்லது ரிட்டர்ன் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். த்ராட்டில் க்ளீனரைத் துணியில் நனைத்துத் துளையின் சுவரையும் தகட்டின் ஓரத்தையும் துடைத்தெடுங்கள். சில த்ராட்டில்களில் தகட்டைச் சுற்றித் தொழிற்சாலையிலேயே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். சுத்தம் செய்யக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

ஸ்டாப் ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். பெயின்ட் முத்திரை உடைந்து, திருப்புளி வழுக்கிய கீறல்கள் பளபளத்தால் உங்களுக்கு முன் யாரோ இங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

படி 2: உள்ளங்கைச் சோதனை

என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்று சொன்னால் இதைத்தான் செய்வேன். இன்ஜின் சூடாக ஐடிலிங்கில் ஓடட்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய குழாயைத் த்ராட்டில் வாயிலிருந்து கழற்றுங்கள். தடித்த ரப்பர் துண்டு ஒட்டிய தட்டைப் பலகையால் அந்த வாயை முழுதாக மூடுங்கள். வெறுங்கையும் போதும், ஆனால் இழுவை பலமாக இருக்கும், திடுக்கிட வைக்கும்.

இரண்டு மூன்று நொடியில் இன்ஜின் நின்றுவிட்டால், காற்று முழுவதும் த்ராட்டில் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆகவே தகடு அல்லது பைபாஸ். மூடிய பிறகும் தள்ளாடித் தள்ளாடி ஓடிக்கொண்டிருந்தால், வேறு வழியில் ஏர் இழுக்கிறது. பாதித் தேடல் முடிந்தது.

இரண்டு எச்சரிக்கை. குழாயில் காற்றளவைக் கருவி உள்ள இன்ஜின்களில், குழாயைக் கழற்றியவுடனே இன்ஜின் நின்றுவிடக்கூடும். அங்கே குழாயை விட்டுவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயை மூடுங்கள். அப்போது குழாயில் உள்ள வெடிப்பும் சோதனைக்குள் வந்துவிடும். இன்னொன்று, சில வண்டிகளில் பைபாஸ் காற்றை த்ராட்டிலுக்கு முன்னாலிருந்து தனிக் குழாய் எடுத்துக்கொள்ளும். அந்தக் குழாயையும் குறடால் நசுக்கிப் பிடித்துக்கொண்டுதான் முடிவுக்கு வர வேண்டும்.

படி 3: ஏர் லீக்கைப் பிடிப்பது

சில வருடம் முன்பு என் வேன் 1,400-இல் நின்றது. குளிரில் ஒழுங்கு, அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும். மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூவைக் குறைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை குளிரில் இன்ஜின் நிலையாக ஓடவே மறுத்து அணைந்து அணைந்து போனது. மூன்றாவது வாரம் நானே சீட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். குழாய் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனபோது, பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் மேலே நன்றாகத்தான் இருந்தது. க்ளாம்பைத் தளர்த்தி உருவியபோதுதான் தெரிந்தது: க்ளாம்புக்கு அடியில், மேனிஃபோல்டு மூக்கின் மேல் உட்காரும் இடத்தில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் இறுகி மூடிக்கொள்ளும். சூட்டில் இளகி வாய் திறக்கும். நுனியில் இரண்டு விரல்கடை வெட்டிவிட்டு மாட்டினேன். இன்ஜின் 800-க்கு இறங்கி அமைதியானது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் அதிக நேரம் பிடித்தது.

அதனால்தான் சொல்கிறேன், கண்ணால் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். குழாயை மடக்கிப் பாருங்கள், முனையை உருவிப் பாருங்கள், அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வெடிப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில்தான்.

வேகமான வழி நசுக்கிப் பார்ப்பது. குறட்டின் வாயில் துணி சுற்றிக்கொண்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாக, மேனிஃபோல்டுக்கு அருகில் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது வேகம் சட்டென்று விழுகிறதோ, அந்தக் குழாயின் பாதையில்தான் கோளாறு. பிரேக் பூஸ்டர், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு, ஹீட்டர் ஃப்ளாப்புகளை இயக்கும் மெல்லிய குழாய், ஏசிக்காக ஐடிலை ஏற்றும் டயாஃப்ரம் எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி குழாயை நசுக்கினால் வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. பெரிய வித்தியாசம் இருந்தால் வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் சிக்கியிருக்கிறது. உபயோகமில்லாத மூக்குகளை மூடும் சின்ன ரப்பர் தொப்பிகளை மறக்காதீர்கள். மேனிஃபோல்டின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு தொப்பி கழன்று விழுந்தாலே போதும்.

பூஸ்டர் மீது சந்தேகம் வந்தால் கூடவே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். பெடல் பக்கம் ‘உஸ்’ என்று சத்தம் வந்து ஐடிலிங்கும் மாறினால் பூஸ்டர் டயாஃப்ரம் போயிருக்கிறது. அடுத்து, இன்ஜினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்துக் கெட்டியாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது ஐடிலிங் பிரச்சினையைத் தாண்டி பிரேக் பிரச்சினை; சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

குழாய்களில் எதுவும் இல்லையென்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டர் அடியில் உள்ள தடித்த இன்சுலேட்டர், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங், த்ராட்டில் தண்டின் இரு முனைகள். முதலில் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, இணைப்புகளின் மேல் மெல்லியதாக அடியுங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் தடுமாறும். டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர்கள், சூடான எக்ஸாஸ்ட் மேல் மட்டும் பட வேண்டாம். கார்ப் க்ளீனர் அடித்துப் பார்ப்பது இதைவிடத் தெளிவாகக் காட்டும், உண்மைதான். ஆனால் அது தீப்பற்றும். பழைய பிளக் வயரில் ஒரு பொறி கசிந்தால் போதும். ஒளிந்த இடத்து லீக்குக்குப் புகைச் சோதனை செய்யும் பட்டறைக்குப் போய்விடுவது நல்லது. மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றினால் எங்கே கசிகிறதோ அங்கே தானாக வந்து நிற்கும்.

வேக்குவம் கேஜ் இருந்தால் மாட்டுங்கள். கடல் மட்டத்தில், ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டி முள் ஆடாமல் நிற்கும். மலை ஏற ஏற ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும்.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கும் இன்ஜினில், லீக் வழியாக வந்த காற்றுக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் இன்ஜின் மிஸ்ஸிங் இல்லாமல், வழவழவென்று, உயரத்தில் நிற்கும். வரும் காற்றைக் குழாயிலேயே அளக்கும் இன்ஜினில், லீக் காற்று கணக்கில் வராது. கலவை மெலிந்து நடுக்கமும் தடுமாற்றமும் அதிகம் தெரியும். ஆகவே ‘மிஸ்ஸிங் இல்லை, அதனால் லீக் இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 4: பைபாஸ் வழி

உள்ளங்கைச் சோதனையில் இன்ஜின் நின்றது, தகடும் ஒழுங்காக மூடுகிறது என்றால் இங்கே வாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஐடில் வால்வு ஒன்று த்ராட்டிலைச் சுற்றிக் காற்றை விடும். த்ராட்டில் வாய்க்குள் அதன் துளை தெரியும். விரலால் அதை அடைத்தால் வேகம் பெரிதாக விழுகிறதா? விழுந்தால் வால்வு திறந்தே கிடக்கிறது. அது சிக்கிக்கொண்டதா, கம்ப்யூட்டர் சொல்லித்தான் திறந்திருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

வால்வைக் கழற்றி, கரி படிந்த காற்றுப் பாதையை மட்டும் க்ளீனரால் கழுவுங்கள். மோட்டார் பக்கம் கீழே வருமாறு பிடித்து க்ளீனரை உள்ளே இறங்க விடாதீர்கள். ஊசி முனை உள்ள வகையில் முனையைக் கையால் அழுத்தித் தள்ளக் கூடாது, உள்ளே பல்லுடைந்துவிடும்.

இன்னும் பழைய வண்டிகளில், கூலன்ட் சூட்டில் விரியும் மெழுகு உருண்டை ஒன்று வால்வை மூடும். கூலன்ட் குறைந்திருந்தால், அல்லது ஏர் லாக் ஆகியிருந்தால், மெழுகுக்குச் சூடு எட்டாது. வால்வு திறந்தே இருக்கும். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் தூரம் அதிகமான வேன்களில் ஏர் லாக் அடிக்கடி வரும். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூட்டில் திறக்கவே கூடாது. த்ராட்டிலுக்குப் போகும் சிறிய கூலன்ட் குழாயைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் கொதிக்கிறது, அது மட்டும் வெதுவெதுப்பு என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

படி 5: கம்ப்யூட்டரை ஏமாற்றும் சென்சார்கள்

இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நம்பினால் கம்ப்யூட்டர் ஐடிலை ஏற்றித்தான் வைக்கும். முதல் சந்தேகம் கூலன்ட் வெப்ப சென்சார். இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் காட்டும். சூடான இன்ஜினில் ஆயிரக்கணக்கில் நின்றால் மாற்றுங்கள். சென்சார் நல்லது, ஆனால் இன்ஜின் சூடே ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கும். டேஷ்போர்டு முள்ளுக்குப் பல வண்டிகளில் தனி சென்சார் உண்டு, அதை நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது த்ராட்டில் பொசிஷன் சென்சார். மூடிய நிலையில் பெரும்பாலும் 0.5 வோல்ட் அளவில் இருக்கும். மெதுவாகத் திறக்கும்போது குதிக்காமல் ஏற வேண்டும். இதையும் சிலர் தளர்த்தி நகர்த்தி வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1996-க்குப் பிந்தைய வண்டிகளிலும், ஐரோப்பாவில் 2001-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளிலும் ஸ்கேனரை மாட்டினால் இவை எல்லாம் திரையில் ஓடும்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு

சூடான பிறகு சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். எலக்ட்ரிக் சோக்கில், இக்னிஷன் போட்டதும் அதன் வயரில் 12 வோல்ட் வர வேண்டும். சோக் திறந்தும் வேகம் இறங்காவிட்டால், படிக்கட்டு மாதிரி வெட்டிய ஃபாஸ்ட் ஐடில் கேம் இருக்கும், அது சிக்கியிருக்கும். ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும் ரகம் இதுதான். க்ளீனர் அடித்து, கையால் சில முறை ஆட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். த்ராட்டில் தண்டு தேய்ந்து மேலும் கீழும் ஆடினால் அதற்குச் சரிக்கட்டல் கிடையாது, புஷ் போட வேண்டும் அல்லது கார்புரேட்டர் மாற்ற வேண்டும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு டைமிங். இழுவைக்காக யாராவது டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸாக (பொறி முன்கூட்டியே விழும்படி) வைத்திருந்தால் அதே காற்றில் இன்ஜின் வேகமாகச் சுற்றும். டைமிங் லைட் போட்டு ஸ்டிக்கரில் உள்ள டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் குழாய் சரியான மூக்கில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல் வேன் என்றால்

டீசலில் வேகத்தை முடிவுசெய்வது காற்று அல்ல, டீசல். ஆகவே மேலே சொன்ன லீக் தேடல் பொருந்தாது. கேபிள், பம்ப் நெம்புகோலின் ஸ்ப்ரிங், குளிர்நேர ஐடில் ஏற்றும் மெழுகு அமைப்பு, ஏசி ஐடில் அப் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். ஆனால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போய், சாவியை அணைத்தும் நிற்காமல், புகை கக்கினால் இன்ஜின் தன் எண்ணெயையே குடிக்கிறது. பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு க்ளட்சை விட்டு அணையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால், காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், அங்கே கையை வைக்கவே கூடாது. அதுவும் முடியாத நிலை என்றால் எல்லோரும் விலகிப் போய்விடுங்கள்.

சரிசெய்த பிறகு

இப்போதுதான் ஸ்க்ரூவுக்கு வேலை. இன்ஜின் சூடாக, எல்லா மின்சுமையும் அணைந்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடாத நேரத்தில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கு வையுங்கள். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாமல், கையேட்டில் உள்ள முறைப்படி மட்டும் செய்யுங்கள். த்ராட்டிலைச் சுத்தம் செய்தபின் சில வண்டிகளில் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறித்தான் நிற்கும், கம்ப்யூட்டர் பழைய கரியின் கணக்கிலேயே இருப்பதால். பேட்டரி முனையைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, ஒரு சுற்று ஓட்டி வந்தால் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். ரேடியோவுக்கு கோடு எண் கேட்கும் வண்டியானால் அதை முன்பே எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஏசி போட்டு, ஹெட்லைட் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பாருங்கள். இன்ஜின் குலுங்கி அணையக் கூடாது. மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட் செய்து, ஏறி நின்று தானாக இறங்குகிறதா என்று இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே கவனியுங்கள். சூடான நிலை ஆர்பிஎம்மையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.